ஓரத்தில் ஒரு விரல்

உப்பளங்களைப் பற்றிய பழைய ஆய்வேடு அது. கேட்டதும் நூலகத்தில் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்கள். தடித்த பைண்டிங் மூடிக்கொள்ளாமல் இருக்க அழுத்திப் பிடித்த ஒரு பெண்ணின் விரலும் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் விழுந்திருந்தது. அருளப்பனுக்கு முதலில் எரிச்சல்தான். போகப்போக அதையும் சேர்த்தே வாசித்தான். விரலில் மெல்லிய மோதிரம். மூன்றாம் இயலின் நடுவில் மோதிரத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் வெளுத்த வளையம் மட்டும். அதன்பிறகு உப்பு விளைச்சல் எதுவும் அவன் மண்டையில் ஏறவில்லை. கடைசிவரை புரட்டினான். மோதிரம் திரும்பவில்லை.

மறுநாள் நூலகத்துக்குப் போன் செய்தான். ஸ்கேன் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள்.

“பக்கம் ஏதும் விட்டுப்போச்சா சார்?”

“எல்லாம் இருக்குங்க. ஓரத்துல உங்க விரல்தான்...”

“ஐயோ, அதை வெட்டிட்டு அனுப்பிடறேன் சார்.”

“வேண்டாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான் பண்ணேன்.”

எதிர்முனையில் ஸ்கேனர் ஒருமுறை ஓடி நின்றது.

“வேற தீசிஸ் ஏதாச்சும் வேணுமா சார்?” என்றாள்.

தனக்குத் தேவையே இல்லாத ஒரு தலைப்பைச் சொன்னான். ஆடி கழிந்து அது வந்தது. பக்கங்களெல்லாம் சுத்தமாக இருந்தன. யாரும் பிடிக்காமலே படிந்து கிடக்கும் கடைசி வெற்றுத்தாளில் மட்டும் அந்த விரல் இருந்தது. வெளுத்த வளையம் விரலின் நிறத்துக்கே வந்திருந்தது.