கழுவுமிடத்துத் தேரை

கழுவுகிறவளின் வேலை அந்தத் தேரையால் போகவிருந்தது. தொழிற்சாலையின் கழுவுமிடத்து மூலையில், சொறி பிடித்த மண்கட்டி மாதிரி, வாடகை கட்டிவிட்டவனைப் போல அது குந்தியிருந்தது. கண்ணில் மட்டும் பொன்னிறம்.

"ரெண்டு தடவை ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தேன் சார். நான் திரும்புறதுக்குள்ள இங்க இருக்கு."

"கதை விடாதம்மா. அடிச்சுக் கொல்லு. இல்லேன்னா நீ கிளம்பு," என்றார் மேற்பார்வையாளர்.

"கொல்ல மாட்டேன். அது என்னை ஒண்ணும் பண்ணலையே."

அவரே துடைப்பக்கட்டையால் குத்தினார். தேரை ஓடவில்லை. காற்றை இழுத்து இரண்டு மடங்காக உப்பியது. நான்கு காலையும் ஊன்றி எழும்பித் தலையைத் தாழ்த்தியது. கண்ணுக்குப் பின்னாலிருந்த புடைப்புகளில் வெள்ளையாகப் பால் கசிந்தது.

"அது விஷம் சார். நாய்கூட வாய் வைக்காது."

"அப்ப அதுக்குப் பதிலா நீ போ." அவள் பிடரியைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார்.

அவள் நகரவில்லை. மூச்சை நன்றாக இழுத்தாள். சட்டைப் பித்தான் இரண்டு தெறித்து விழுந்தன. காலை அகட்டி ஊன்றித் தலையைத் தாழ்த்தினாள்.

அவர் அவள் பிடரியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளையாகப் பிசுபிசுத்தது, எரிந்தது.

"கண்ணைத் தொட்றாதீங்க," என்று அவள் குழாயைத் திறந்துவிட்டாள். "நாளைக்கும் ஆறு மணிக்கு வந்துருவேன்."