முன்னால் மட்டும் ஸ்பிரிங்

பெண் பார்க்கப் போன பலராமன், சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தார்.

மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிளாம். முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே பின் சக்கரத்துக்கும் ஒரு ஸ்பிரிங். குதித்த குதிக்கெல்லாம் வண்டி மெத்தை மாதிரி உள்வாங்கி, மறுபடியும் அவரை மேலே தூக்கிக் கொடுத்தது.

ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சுகம் பாக்கி இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஆனால் வந்த வேலை வேறு.

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏற்றி விடும்போதே மனைவி கன்னியம்மாள் பாடம் சொல்லி அனுப்பியிருந்தாள். பட்டுப்புடவை கட்டி, காபித் தட்டோடு தலைகுனிந்து வந்து நின்றால் எல்லாப் பெண்ணும் மகாலட்சுமிதான். அதனால் முறைப்படி போகுமுன், மகனுக்குப் பேசிவரும் பெண்ணை, அவள் வேலை செய்கிற சைக்கிள் கடையிலேயே ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். யார் என்று மூச்சு விடக் கூடாது. பையனுக்கு சைக்கிள் வேண்டும் என்று கேட்டால் போதும்.

மேற்கொண்டு பேசுவதா, ஜாதகத்தைத் திருப்பிக் கொடுப்பதா? அவர் போய்ச் சொல்லப்போகும் ஒரு வார்த்தைதான்.

பாதி மனம் திருப்பிக் கொடுப்பதில்தான் இருந்தது. கிரீஸ் கையும் ஸ்பேனருமாக நிற்கிற பெண், நம் வீட்டுக்குச் சரிப்பட்டு வருவாளா?

அந்தப் பெண், கவிநிலா, அவர் குதித்து முடிக்கட்டும் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இதையே குடும்மா. விலை ஜாஸ்தின்னா சரக்கு நல்லாத்தானே இருக்கும்?"

இதுவும் கன்னியம்மாள் சொல்லிக் கொடுத்ததுதான். விலை கூடினதைத் தலையில் கட்டுகிறாளா என்று பார்க்க ஒரு தூண்டில்.

"ஓட்டப் போறது யாருங்க? முன்ன பின்ன பழக்கம் உண்டா?"

"பையன்தான். புதுசு. பேங்க்ல உக்காந்த வேலை, தொப்பை விழுது. ஆனா ரொம்ப சாதும்மா."

கவிநிலா சட்டென்று குனிந்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த சக்கரத்தைத் துணியால் துடைத்தாள்.

நிமிர்ந்தபோது குரல் கறாராக இருந்தது. "அப்ப இது வேணாங்க. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்னா சொகமாத்தான் இருக்கும். ஆனா மேட்டுல மிதிக்கிற மிதியில கொஞ்சத்த அதுவே தின்னுடும். தப்பா ஓட்டினாலும் தெரியாது. புதுசா கத்துக்கிறவங்களுக்கு முன்னால மட்டும் இருந்தா போதும். கல்லு எங்க, பள்ளம் எங்கன்னு உடம்புக்குத் தெரியணும் இல்லீங்களா? ரிப்பேரும் கம்மி."

பலராமன் யோசித்தார். "அப்ப இது வில்வண்டி. அது முன்னால மட்டும் வில்லு வெச்ச அரை வில்வண்டி. அதானே?"

"நாங்க ஹார்ட்டெயில்னு சொல்லுவோம். உங்க பேரே நல்லா இருக்குங்க, போர்டுல எழுதிடறேன்."

இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதலில் வில்வண்டியில் ஏறினார். வேகத்தடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தெருக்கோடி மேட்டில்தான் சங்கதி புரிந்தது. சேற்று வயலில் கால் வைத்த மாதிரி, மிதிக்க மிதிக்க வண்டி உள்ளே போயிற்று.

அடுத்து அரை வில்வண்டி. ஒரு கல் விடாமல் முதுகெலும்பில் வந்து பேர் சொல்லிவிட்டுப் போயிற்று. ஆனால் மேட்டில் மிதித்தால், மிதித்தது மிதித்தபடி ஏறியது.

"பெரிசு, மலை அந்தாண்ட கீது!" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்திக்கொண்டு போனார். பலராமன் ஒரு கையை விட்டு அவருக்கு டாட்டா காட்டினார்.

மூச்சு வாங்கக் கடைக்குத் திரும்பிய பிறகுதான், பெண் பார்க்க வந்ததே ஞாபகம் வந்தது.

நன்றாகப் பார்த்தார். விரல் நுனியில் கிரீஸ். நெற்றியில் திருநீற்றுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் கிரீஸ். விலை கூடினதைக் காட்டி ஒரு வார்த்தை பசப்பவில்லை. முகம் தெரியாத ஒரு பையனுக்கு எது நல்லதோ அதைச் சொன்னாள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய வார்த்தை முடிவாகிவிட்டது. பேசலாம்.

"அரை வில்வண்டியே இருக்கட்டும்மா. எடுத்து வை," என்றார்.

கவிநிலா சீட்டுக்கு அடியில் இருந்த பிடியைத் தளர்த்தினாள். சீட்டை உயர்த்தினாள். அது பலராமனின் இடுப்பைத் தாண்டியது. இன்னும் உயர்த்தினாள். ஓரடி தள்ளி நின்று, அங்கே இல்லாத ஓர் ஆளை அண்ணாந்து பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு விரற்கடை அளவு மட்டும் இறக்கி, பிடியை இறுக்கினாள்.

பலராமனும் அவள் பார்த்த இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

அவர் மகன் ஆதவன் தாய்மாமன் வழி வளர்த்தி. ஆறடி இரண்டங்குலம். அதில் பாதிக்கு மேல் கால்தான். கடையில் எந்த பேன்ட் எடுத்தாலும் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும்.

பையன் எவ்வளவு உயரம் என்று அவள் கேட்கவே இல்லை.

இவரும் சொல்லவில்லை.

பலராமன் சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளும் அப்போதுதான் சீட்டைப் பார்த்தாள். பிடியிலிருந்து கையை எடுக்க மறந்து, அப்படியே நின்றாள்.

அவர் மெல்லத் திரும்பி, சுவரில் வரிசையாகத் தொங்கிய மணிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார்.

"பெல்லு ஒண்ணு சேத்துப் போட்டுடும்மா," என்றார். "நல்லா சத்தமா கேக்கறதா. இந்தப் பையன் எங்க போறான், எங்க வர்றான்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்குது."