கப்பிக்கு ஒரு துணை

மீன் கடையில் அப்பா அரை மணி நேரமாகக் கடைக்காரரைத் துளைத்துக்கொண்டிருந்தார். வீட்டுத் தொட்டியில் தனியாகத் திரியும் கப்பி மீனுக்குத் துணை வேண்டுமாம். மனசு மாறட்டும் என்று மகள் சுகந்தியையும் இழுத்து வந்திருந்தார்.

“இந்த டைகர் பார்ப் சாதுவா இருக்குமா?”

“வாலைக் கடிக்கும் சார். கப்பியோட சேராது.”

அடுத்த மீனுக்கும் குணம், கோபம் எல்லாம் விசாரித்தார். சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் கட்டிக்கொடுத்தபோது ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் என்றதும் இவர் வேறெதுவும் கேட்கவில்லை. போன வாரம் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றவளிடம், “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுடறேன்” என்றார். நாளை ஞாயிறு.

“எல்லாம் பாத்து வாங்கியும் ஒண்ணு கடிச்சு வச்சா?” என்றார் அப்பா.

“கடிபட்டதை உடனே வேற தொட்டிக்கு மாத்திடுங்க சார். திரும்ப அதுகூடவே விட்டா செத்துரும்.”

“அதானே, பாவம்.”

சுகந்தி முகத்தை மறைத்திருந்த துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டாள். கடைக்காரர் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“அண்ணே, இப்ப சொன்னதை இவர்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள். “சத்தமா.”