கொலேஜ் என்றால்

வீடியோ கால் இணைவதற்குள் அம்மா என் தலையை இரண்டாவது முறையாக வாரிவிட்டாள்.

"லட்சியம் என்னான்னு கேப்பாரு. பிரான்சுன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

ஒரு நாடு எப்படி லட்சியமாகும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் எமீல் மாமாவின் நெற்றி திரையில் வந்துவிட்டது. அவர் எப்போதும் நெற்றியிலிருந்துதான் தொடங்குவார்.

மாமா, அப்பாவுடைய அக்காவின் கணவர். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவர். அத்தை இறந்தபிறகு தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் ஓர் அறை காலி. புதுச்சேரியில் எங்கள் வீட்டில் நான் ஒருவன் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அம்மாவுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

எங்கள் தெருவுக்கு இது புதிதல்ல. எங்களைப்போல பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும் வீட்டில் பையனுக்குப் பதினெட்டு ஆனால் கேக் வெட்டுவார்கள், பெட்டி கட்டுவார்கள். எதிர்வீட்டு பாத்ரிஸ் கிளம்பியபோது அவனுடைய கேக் பாதி ஃபிரிட்ஜில் இருந்தது. அதை நான்தான் சாப்பிட்டேன்.

நானோ திங்கட்கிழமை லாஸ்பேட்டை காலேஜில் பி.ஏ. வரலாறு சேர இருந்தேன். சீட்டு கிடைத்துவிட்டது. புதுச் சட்டைகூட தைத்தாகிவிட்டது.

எனக்கும் லட்சியங்கள் உண்டு. அரியர் வைக்கக் கூடாது. என்றைக்காவது அரிக்கமேட்டில் தோண்டுகிறவர்களோடு உட்கார்ந்து, ஒரு பானையோட்டுத் துண்டையாவது என் கையால் மண்ணிலிருந்து எடுக்க வேண்டும். அம்மா தலைவாரிவிடுவது நிற்க வேண்டும்.

மாமா மட்டும் "அனுப்பிவை" என்று சொல்லிவிட்டால், அந்தத் திங்கட்கிழமை எனக்குக் கிடையாது.

"என்னடா லூதோ, என்ன பண்ணப்போற?"

அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பிரான்ஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"திங்கக்கிழமைலேர்ந்து காலேஜ் போறேன் மாமா."

மாமா திரைக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"கொலேஜா?"

பிரான்சில் கொலேஜ் என்பது பதினோரு வயதுப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு போகும் இடம். நம்மூர்க் கணக்கில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது அவ்வப்போது இந்த வார்த்தையில் தடுக்கி விழுவார்கள். இன்னொருவர் திருத்துவார். சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

"அந்தக் கொலேஜ் இல்லண்ணே," என்று அம்மா திரைக்குள் தலையை நீட்டினாள். "நம்மூரு காலேஜ்."

"எந்த ஊர்ல இருந்தா என்னாம்மா, கொலேஜ் கொலேஜ்தான். சின்னப் புள்ளைங்க படிக்கிறது."

"பன்னண்டு முடிச்சிட்டான்ணே."

"பன்னண்டு வயசுதான் ஆவுதா? மீசை வச்சிருக்கான்."

அம்மா என் மீசையைப் பார்த்தாள். அதைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே வருத்தம் உண்டு.

"பதினெட்டு ஆயிடுச்சுண்ணே. ஞானஸ்நானத்துக்கு நீங்கதான தூக்குனீங்க."

"நான் தூக்குனது லூதோவிக்கை ஆச்சே," என்றார் மாமா. "அவன் எங்க, ஆளையே காணோம்?"

அம்மா என் காலிலிருந்து தன் காலை எடுத்தாள்.

"நான்தான் மாமா," என்று வகுப்பில் வருகை சொல்வதுபோலக் கையைத் தூக்கினேன்.

"நல்லாப் படி தம்பி. மொதல்ல கொலேஜ் முடி. அப்புறம் லிசே, பெரிய ஸ்கூலு. அதுக்கப்புறம் இங்க வர்றதைப் பத்திப் பாக்கலாம்."

நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"போன வாரம் நல்லாத்தான பேசுனாரு."

சிலுவை போட்டுக்கொண்டாள். அதன்பிறகு அவள் யோசித்தது எனக்கே கேட்டது.

"இப்ப நீ அங்க போனேன்னு வையி, மாத்திரை எடுத்துக் குடுக்கறது, கடைக்குப் போயி வழி தெரியாம நின்னா தேடிக் கூட்டியாறது, எல்லாம் உன் தலையில. பெத்த பொண்ணு அமாந்தின் பக்கத்துத் தெருவுலதான இருக்கா. அவ பாத்துக்கட்டும். நீ இங்கயே படி."

கடைசி வரியை, இப்படி ஒரு யோசனை இந்த வீட்டில் இதற்குமுன் யாருக்கும் வந்ததில்லை என்பதுபோலச் சொன்னாள். பிறகு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டில் இருக்கும் அப்பாவிடம் மாமாவின் நிலைமையைச் சொல்ல மொட்டைமாடிக்குப் போனாள். வீட்டுக்குள் வைஃபை மட்டும்தான்; சாதாரண காலுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

நான் குதித்திருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

ஞானஸ்நானத்தில் என்னைத் தூக்கிய மனிதர் என்னை மறந்துவிட்டார். அதனால் எனக்குக் காலேஜ் உறுதியாகிவிட்டது. இதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் போன் அதிர்ந்தது. மாமாவிடமிருந்து ஒரு குரல்செய்தி. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்தேன்.

"டேய் லூதோ, உங்கம்மா பக்கத்துல இருந்தா அப்புறமா கேளு." கதவைச் சாத்துகிற சத்தம். "லாஸ்பேட்டைதான? என்ன குரூப்பு எடுத்த? நானும் அங்கதான்டா சேந்தேன். மூணு நாள் போனேன். நாலாவது நாள் எங்கப்பா பிளேன் ஏத்திவுட்டுட்டாரு."

கொஞ்சம் இருமினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்கம்மா கூப்புட்டா, நீ யாரும்மான்னு கேக்கலாம்னு இருக்கேன். பின்னாடி நின்னு சிரிச்சுத் தொலைச்சிடாத."