இடப்பக்கத்து நட்டு

பழைய ஜீப்பின் இடப்பக்கச் சக்கரத்து நட்டுக்கு உதறல் எடுத்தது. வலப்பக்கத்து நட்டுகளையெல்லாம் கழற்றிவிட்ட மிதப்பில் ஸ்பேனர் வந்து அதைக் கவ்வியது.

"அண்ணே, எங்க பக்கம் மரை தலைகீழா வெட்டினது. மாத்தித் திருப்புங்க."

"எனக்கே பாடமா? அந்தப் பக்கம் எல்லாரும் இப்படித்தான் கழன்றாங்க. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

இரும்புக் குழாயையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஸ்பேனர் அதே பக்கமாக அழுத்தித் திருப்பியது. நட்டு இன்னும் இறுகியது. உள்ளே போல்ட்டு முனகியது.

"ஐயோ அண்ணே, நீங்க கழற்றல, இறுக்குறீங்க! போல்ட்டு தாங்காது!"

"பிடிவாதத்தைப் பாரு!"

டக்!

ஒடிந்த போல்ட்டை வயிற்றில் சுமந்தபடி நட்டு தரையில் உருண்டது.

"பார்த்தியா, கழன்றுட்டான்!" என்று ஸ்பேனர் அடுத்த நட்டைக் கவ்வியது.