நாற்பது வருஷத்துச் சரக்கு

ஓய்வுபெற்ற டீச்சர் கடைக்குள் நுழைந்ததும் நேராக, ஒயின் பாட்டில்களைக் குளிரில் வைக்கும் ஒயின் ஃபிரிட்ஜ் வரிசைக்குப் போனார். கையில் மூடிய கூடையுடன் கணவர் பின்னால் வந்தார்.

"பெருசா வேணுமா மேடம்?" என்றான் விற்பனையாளன்.

"சின்னது போதும்ப்பா. அஞ்சு டிகிரி மாறாம இருக்கணும். மோட்டார் அதிரவே கூடாது."

விவரம் தெரிந்தவர் என்று அவனுக்குக் குஷி. "ரொம்பப் பழசோ?"

"நாப்பது வருஷம்!"

அவன் வாயைப் பிளந்தான். "தினமும் கொஞ்சமா எடுப்பீங்களா?"

"சேச்சே! தினமும் கதவைத் திறந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். குளிர்காலம் முடிஞ்சாதான் வெளியே எடுப்பேன். போன வருஷம் ஷெட்டுல வச்சோம். திடீர்னு சூடு ஏறி, கையை விட்டே போகப் பாத்துச்சு."

"ஒரு வாரம் இவ சாப்பிடவே இல்ல" என்றார் கணவர்.

குடியின் மேல் இவ்வளவு பாசமா என்று அவன் அசந்துபோனான்.

"அளவு பாக்கணும். கையோட கொண்டு வந்திருக்கோம்" என்றார் டீச்சர்.

அவன் பயபக்தியோடு இரு கைகளையும் நீட்டினான். கணவர் கூடையைத் திறந்து அவன் கையில் வைத்தது ஓர் ஆமையை!

"குளிர்காலம் பூரா இவன் தூங்கணும், சூடு பட்டா முழிச்சிடுவான். மிருக டாக்டர்தான் இந்த ஃபிரிட்ஜை வாங்கச் சொன்னார்" என்றார் டீச்சர்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தட்டுகளை உருவிவிட்டு, ஆமையை உள்ளே விட்டான். அது ஒரு சுற்றுச் சுற்றியது. மூலையில் தலையை இழுத்துக்கொண்டு அடங்கியது.

"பிடிச்சிருச்சு!" டீச்சர் கைதட்டிக் குதித்தார்.

"அப்ப இதையே பேக் பண்ணிடவா சார்?"

"உஷ்... இருப்பா, அவன் எழுந்திரிக்கட்டும்" என்றார் கணவர்.