வெட்டாத படம்

"அந்த நடிகைன்னா உனக்கு அவ்வளவு உயிராம்மா?"

பத்திரிகை அலுவலகத்தில் துணை ஆசிரியர் கேட்டதற்கு, எதிரே நின்ற பெண் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கையில் அன்றைய பேப்பர் நாலாக மடிந்திருந்தது. முதல் பக்கத்தில் நடிகை, ரயில் நிலையத்தில், துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு யாரோ ஒருவனோடு.

அந்தப் படத்தின் பிரதி இலவசம் என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். காலையிலிருந்து ரசிகர்கள் வருவதும் வாங்கிக்கொண்டு போவதுமாக இருந்தார்கள். இவள் மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு நகராமல் நின்றாள்.

"இதுவும் பேப்பர்ல வந்த மாதிரி வெட்டினதாவே இருக்கு சார். வெட்டாத படம் வேணும்."

"வெட்டின இடத்துல என்னம்மா இருக்கப் போகுது? உன் நடிகையோட செருப்பு முதக்கொண்டு இதுலயே இருக்கே."

"ஒரு தடவ காட்டச் சொல்லுங்க சார். பாத்துட்டுப் போயிடறேன்."

அவளுடைய கட்டைவிரல் படத்தின் இடது ஓரத்திலேயே இருந்தது. அங்கே ஒரு நீலச் சட்டைக்கை பாதியாகத் தெரிந்தது.

தொலைபேசி அடித்தது. "பாலத்துல விரிசலா? ரெண்டு வரி போதும்யா. காணாமப் போன கேஸெல்லாம் அனுப்பாத, இடமில்ல. நாளைக்கும் நடிகைக்கு ஒரு முழுப் பக்கம் போகுது."

வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்ப்பா ஃபிளாஷ், இந்தப் பொண்ணுக்குப் படத்தக் காட்டி அனுப்பு. இல்லன்னா இங்கயே குடித்தனம் வெச்சிரும்."

படம் எடுத்தவனுக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். முதல் பக்கத்தில் தன் படம் வந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"சீக்கிரம் வாம்மா. சாயங்காலம் இன்னொரு நடிகர் வீட்டு வாசல்ல நிக்கணும். கேமரா கார்டுல இருக்கறதையெல்லாம் இப்ப அழிக்கப் போறேன்."

"அழிச்சிடாதீங்கண்ணா." அவள் குரல் உடைந்தது.

"அடேயப்பா, கட்டிக்கப் போறவனுக்குக்கூட யாரும் இப்படி உருக மாட்டாங்க." சிரித்துக்கொண்டே கணினியில் படத்தைத் திறந்தான். "கூட இருக்கறவன் யாருன்னுதானே பாக்கணும்? அது எனக்கே தெரியாது. தெரியாததாலதான் நாளைக்கு ஒரு பக்கம்."

"இந்தப் பக்கம் தள்ளுங்கண்ணா. இன்னும் கொஞ்சம்."

நடிகை திரையைவிட்டு நகர்ந்து போனாள். நீலச் சட்டைக்கைக்கு உரியவர் வந்தார். ஒரு வயசாளி. பித்தான் மாற்றிப் போட்ட சட்டை, செருப்பில்லாத கால், கேமராவை நோக்கி நீட்டிய கை.

"இந்தப் பெருசா? என் பொழப்பையே கெடுக்கப் பாத்துச்சு. நடிகை இறங்கற நேரம் பாத்து என் கையப் புடிச்சுக்கிட்டு ஏதோ கேட்டுக்கிட்டே நின்னுச்சு. ஓரமா ஒரு தள்ளு தள்ளினேன். அப்பவும் படத்துக்குள்ள வந்துருச்சு. அதான் வெட்டினோம்."

"அப்புறம் எந்தப் பக்கம் போனாரு?"

"யாருக்குத் தெரியும்? நான் நடிகை பின்னால ஓடிட்டேன். ஆமா, நடிகையப் பாக்க வந்துட்டு இவர ஏன் விசாரிக்கிற?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தச் சட்டைக்கை ஒட்டு நான் தச்சது. இவரக் காணோம்னு சேதி போடச் சொல்லி முந்தாநாளே வந்தேன். இடமில்லன்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க. இன்னிக்கு நடிகை படம் வேணும்னு சொன்னேன், உள்ள விட்டாங்க."

துணை ஆசிரியரின் மேசையில் மறுபடியும் தொலைபேசி அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு ஞாபகம் நிக்காதுண்ணா. சில நாள் என்னையே யாருன்னு கேப்பாரு." அவள் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

ஃபிளாஷின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. சுட்டியைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

"வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு."

அவள் நடிகையின் படத்தை அவன் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.